விதை விழும் மாதத்திலிருந்து தொடங்குங்கள்: ஊர் நாற்றுப்பண்ணைக்கு ஒரு பதில்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் இளைஞர்களும் மகளிர் குழுப் பெண்களும் சேர்ந்து, அம்மன் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் 10 சென்ட் நிலத்தில் சென்ற ஆவணியில் 1,500 பைகளில் மர விதை போட்டார்களாம். வேம்பு 600 பையில் 40கூடத் தேறவில்லை. மருது பாதிதான் முளைத்தது. புங்கு அழகாக வந்தது. ஐப்பசியில் சாண் உயரக் கன்றுகளையே எடுத்துக் குளத்துப் பக்கம் நட்டதில் 300க்கு இருபதோ முப்பதோ நிற்கிறது. பண்ணையில் மிஞ்சியவை இலை நுனி கருகிக் கிடக்கின்றன. "மண் சரியில்லை என்கிறார் ஒருவர். கைராசி இல்லை என்கிறார் இன்னொருவர். இந்த ஆண்டு 2,000 கன்று வளர்க்க நினைக்கிறோம். எங்கே தவறினோம், அண்ணாச்சி?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. மண்ணில் கொஞ்சம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். வேம்பு முளைக்காத காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஆனியில் கோவில் மரத்தடியில் கூட்டி அள்ளிய கொட்டையை உரச்சாக்கில் கட்டி வைத்திருந்து, கோவில் கொடை விழா முடிந்த பிறகு ஆவணியில் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்தில் அது எண்ணெய் ஆட்டுவதற்கான கொட்டையாகிவிட்டது. விதையாக இருந்தது நாற்பதுதான்.

நெல்லும் உளுந்தும் கடலையும் பழகிய கை நமக்கு. காயவைத்து மூட்டை கட்டினால் அடுத்த போகத்துக்கு விதை தயார் என்ற நம்பிக்கை உடம்போடு வந்தது. மரங்களில் ஒரு பாதி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படும். புளி, வாகை, கொன்றை, நாட்டுக் கருவேலம், உசில் எல்லாம் கெட்டித் தோல் விதைகள். நன்றாக உலர்த்திச் சாம்பல் கலந்து பானையில் போட்டு வைத்தால் ஓராண்டு தாண்டியும் உயிர் இருக்கும். வேம்பும் நாவலும் இலுப்பையும் வேறு சாதி. அவற்றின் விதை ஈரத்தோடு விழுகிறது. அந்த ஈரம் போனால் உயிரும் போகும். ஈரத்தோடு சாக்கில் கட்டினாலோ புழுங்கி அழுகும். வேம்புக்கு இரண்டு மூன்று வாரம்தான் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கும் இலுப்பைக்கும் அதற்குள்ளேயே முடித்துவிடுவது நல்லது.

நம்பிக்கை வரவில்லை என்றால் சாக்கில் மிஞ்சிய வேப்பங்கொட்டை ஒன்றை எடுத்து மேலோட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைப் பிளேடால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். வரும் ஆனியில் புதிதாக விழுந்த பழத்தில் ஒன்றை எடுத்து அதே மாதிரி நறுக்குங்கள். இளந்தளிர் போலப் பளிச்சென்று பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைதான் முளைப்பு. பத்துக் கொட்டையை நறுக்கி எட்டு பச்சையாக இருந்தால் விதைக்கலாம். நாலுதான் பச்சை என்றால் பைக்கு இரண்டு போட வேண்டும். ஒன்றும் பச்சை இல்லை என்றால் பையை நிரப்பி மெனக்கெட வேண்டியதே இல்லை. ஒரு பிளேடும் ஐந்து நிமிடமும் செலவழித்திருந்தால் 600 பை வேலை மிச்சமாகியிருக்கும்.

பழத்தை எடுக்கும் முறையும் இருக்கிறது. மஞ்சளாகப் பழுத்த கிளையாகப் பார்த்து உலுக்கி, கீழே விரித்த பழஞ்சேலையில் விழவைத்து அள்ளுங்கள். தரையில் நாலு நாள் கிடந்து கறுத்ததைச் சேர்க்காதீர்கள். வாளியில் தண்ணீரோடு இரண்டு கை மணலையும் போட்டுப் பிசைந்தால் தோலும் சதையும் கழன்றுவிடும். மிதந்துவரும் சதையையும் சொத்தையையும் தள்ளிவிட்டு, அடியில் தங்கியதை ஓலைப்பெட்டியில் அலசி நிழலில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் உலர்த்தி, அந்த வாரமே விதைத்துவிட வேண்டும்.

இனி நாள்காட்டிக்கு வருவோம். நம் பக்கத்து ஊர்ப் பண்ணைகள் பலவும் சறுக்குவது இங்கேதான். கார், பிசானம் என்று தாமிரபரணிப் பாசனம் ஆண்டை இரண்டாகப் பிரிப்பது போல, மர விதைக்கும் இரண்டு பட்டம் உண்டு. மாசியிலிருந்து சித்திரை வரை ஒரு பட்டம்: வாகை, கொன்றை, புளி, மருது, புங்கு. ஆனி, ஆடி இன்னொரு பட்டம்: வேம்பு, நாவல், இலுப்பை. ஆடிக்குப் பின்னால் பனம்பழம். நமக்கு நடவு மழையோ வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகை. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் என்றால் ஆனிச் சாரலை நம்பி நடலாம். நாங்குநேரிக்கும் ராதாபுரத்துக்கும் அந்தச் சாரல் வந்து சேர்வதில்லை, காற்றுதான் வருகிறது.

இப்போது ஐப்பசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பங்குனியில் போட்ட புங்கும் புளியும் மருதும் ஐப்பசிக்கு ஆறு ஏழு மாதக் கன்றாக, முழங்கால் உயரத்தில், பென்சில் கனத் தண்டோடு நிற்கும். அதை நட்டால் பிழைக்கும். ஆனியில் போட்ட வேம்பு அதே ஐப்பசிக்கு மூன்று நான்கு மாதப் பிள்ளை. அதை வேலியில்லாத குளத்துக்கரையில் நடுவது ஆட்டுக்கு இரை வைப்பதுதான். ஆகவே வேம்பையும் நாவலையும் இலுப்பையையும் இந்த ஐப்பசிக்கு நினைக்காதீர்கள்; அடுத்த கோடையைப் பண்ணையில் தாண்டவைத்து, அடுத்த ஐப்பசிக்கு எடுங்கள். பதினைந்து மாதம் ஆகும். அதற்குப் பெரிய பை வேண்டும், கோடையில் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஊற்றும் ஆள் வேண்டும். நீங்கள் ஆவணியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டது, புங்குக்கு நாலைந்து மாதம் தாமதம். வேம்புக்கு உயிர் போன பிறகு.

விதைக்கு எங்கே போவது? வாங்கிய விதையில் எத்தனை மாதப் பழசு என்பது தெரியாது, எந்தச் சீமை மரத்து விதை என்பதும் தெரியாது. நம்மிடம் தாய்மரத்துக்குப் பஞ்சமில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு போவீர்கள். அந்தக் கோவில்கள் பெரும்பாலும் குளத்தங்கரையிலோ ஓடைக்கரையிலோ பெரிய மரங்களுக்கு நடுவில்தான் இருக்கும். மருதங்காய் உதிரும் நேரமும் அதுவேதான். பொங்கல் பானை கொதிக்கிற நேரத்தில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துணிப்பையைக் கொடுத்துவிடுங்கள். ஐந்து இறக்கை வைத்த, பழுப்பாக முற்றிய காயாகப் பார்த்துப் பொறுக்கச் சொல்லுங்கள். பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

ஆற்றங்கரையிலும் எடுக்கலாம். முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூர் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே மருது, கோவிலின் தலமரமும் மருது. அங்கே கூடு கட்டும் பறவைகளையும் அவற்றைத் தாங்கும் மரங்களையும் ஊர்க்காரர்களே காத்துவந்தார்கள். அதனால்தான் 2005 பிப்ரவரியில், ஊர் மக்களின் பங்கோடு காக்கப்படும் வனவிலங்குக் காப்பிடமாக, அந்த வகையில் நாட்டிலேயே முதலாவதாக அது அறிவிக்கப்பட்டது. தாய்மரம் என்றால் என்னவென்று பார்க்க வேண்டுமானால் உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போங்கள். கூடு கட்டியிருக்கும் மாதங்களில் மரத்தடியில் விதை பொறுக்கப் போய்ப் பறவைகளைக் கலைக்க வேண்டாம். களக்காடு, முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்து ஒரு விதைகூட எடுக்காதீர்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனாலும் அப்படித்தான். வனத்துறையின் அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம், தேவையும் இல்லை.

ஒரே மரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம் என்பது முக்கியம். ஒரே தாயின் பிள்ளைகளாக 500 மருதை ஒரே கரையில் நட்டால், ஒரு நோய் வந்தாலும் மொத்தமும் ஒரே மாதிரி விழும். அவை நாளைக்குக் காய்க்கும்போது விதையும் மெலிந்துபோகும். பத்துப் பதினைந்து மரங்களில், ஒன்றுக்கொன்று எட்டிநிற்கும் மரங்களாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தலமரங்களின் விதையை ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். பாபநாசத்துக் களா, சங்கரன்கோவில் புன்னை, குற்றாலத்துக் குறும்பலா என்று நம் சீமையில் ஊருக்கு ஒரு மரம் உண்டு. அவற்றிலிருந்து பத்துக் கன்று வளர்த்துக் கோவிலுக்கே கொடுப்பது நல்ல காரியம். ஊர் முழுக்க நடுவதற்கு அந்த ஒரு மரத்தை மட்டும் நம்ப முடியாது.

விதைநேர்த்தியில் மரத்துக்கு மரம் குணம் வேறு.

மருதுதான் உங்களை ஏமாற்றியது. ஒரு மாதம் பார்த்துவிட்டு முளைக்காத பைகளைக் கொட்டிவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. மருது இரண்டாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி இரண்டு மாதம் வரை ஒன்றொன்றாக வந்துகொண்டே இருக்கும். கொட்டிய மண்ணோடு உங்கள் மீதிப் பாதியும் போயிருக்க வேண்டும். காயை மூன்று நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு நேரே பையில் போடாமல், விதையை முதலில் முளைக்கவைக்கும் தாய்ப்பாத்தியில் நெருக்கமாக விதைத்து, வைக்கோல் மூடாக்குப் போட்டு, முளைத்ததை மட்டும் பைக்கு மாற்றுங்கள். வெறும் பை நிற்காது, இடமும் தண்ணீரும் மிச்சம்.

வாகை, கொன்றை விதைக்குத் தோல்தான் தடை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பியிருக்கும். அவற்றை அன்றே விதைக்கலாம். உப்பாததை மறுபடி ஊறவைக்கலாம். அடுப்பில் வைத்தபடியே விதையைப் போட்டால் வெந்துவிடும். கொன்றை அதற்கும் மசியாது. ஒவ்வொரு விதையாக எடுத்துச் சிமெண்ட் தரையில் ஓர் ஓரத்தைத் தேய்த்துவிட்டு ஊறவைக்க வேண்டும். அமிலத்தில் நனைக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் ஓடியாடும் ஊர்ப் பண்ணைக்குள் அது வரவே கூடாது.

நாட்டுக் கருவேலத்துக்கு விதைநேர்த்தியை ஆடு செய்து தருகிறது. நெற்றைத் தின்ற ஆடுகள் இரவில் கிடையில் அசைபோடும்போது விதையைத் துப்பும். சில விதைகள் புழுக்கையோடு வரும். தோல் இளகியிருப்பதால் அவை சட்டென்று முளைக்கும். கிடை போட்டிருக்கும் கோனாரிடம் கேட்டால் ஒரு காலையில் ஒரு படி கூட்டி அள்ளலாம். கூந்தன்குளத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் நீங்கள்; குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் நாரை கூடு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். உங்கள் குளத்துக்கும் நூறு கருவேலக் கன்று ஒதுக்குங்கள். சீமைக் கருவேலத்தைச் சொல்லவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதன் முள்ளை வெட்டிப் பண்ணைக்கு வேலி கட்டுங்கள். ஆட்டையும் தடுக்கும், முளையைக் கொத்தும் மயிலையும் ஓரளவுக்குத் தடுக்கும்.

நாவலில் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகூட வரும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு பைக்கு ஒரு கன்றுதான். தெம்பான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் மண்மட்டத்தில் நறுக்குங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். புங்கு, புளி இரண்டும் சொன்னபடி கேட்கும். ஓர் இரவு ஊறவைத்து நேரே பையில் போடலாம். புன்னைக்கு ஓட்டை மெதுவாகத் தட்டி விரிசல் விட்டால் சீக்கிரம் வரும். ஆல், அரசு, அத்தி விதைகள் தூசு மாதிரி; செங்கல் பொடியும் கரிப்பொடியும் கலந்த தட்டில் மேலாகத் தூவி, மண் மூடாமல் ஈரம் காக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் ஆலுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டுவிடலாம்.

மண்ணுக்குள் போடும் எந்தப் பண்ணை விதையானாலும் ஆழம் ஒன்றுதான்: விதையின் கனத்துக்கு இரண்டு மடங்கு. அதற்கு மேல் புதைத்தால் முளை மேலே வருவதற்குள் தெம்பு தீர்ந்துவிடும்.

மண்ணுக்கு வருகிறேன். குளத்து வண்டலான கரம்பையை மட்டும் பையில் நிரப்பியிருக்கிறீர்கள். வயலுக்குக் கரம்பை அமிர்தம். பைக்குள் அது வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் ஓரத்தில் விரிசல் வழியே இறங்கி ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. இதுதான் நான் இருபது ஆண்டாக நிரப்பும் கலவை. கரம்பை போடத்தான் வேண்டும் என்றால் செம்மண்ணில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து அதைச் சேருங்கள். மணலுக்கு ஆற்றில் இறங்காதீர்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை நிறுத்த, தோழர் நல்லகண்ணு தள்ளாத வயதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2010இல் தடை வாங்கினார். மரம் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த ஆற்றைச் சுரண்டுவது தகாது. உமிச் சாம்பலோ தென்னை நார்க் கழிவோ கலந்தாலும் மண் பொலபொலப்பாக இருக்கும். தொழுவுரம் ஆறு மாதமாவது மட்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் சூடு கிளப்பும், வேரைத் தின்னும் புழுவையும் கொண்டுவரும்.

பை 13க்கு 25 சென்டிமீட்டர் போதும். ஆயிரம் பைக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கலவை வேண்டும். கோடையைத் தாண்ட வேண்டிய வேம்புக்கும் இலுப்பைக்கும் அடுத்த அளவுப் பை வாங்குங்கள். இலுப்பை மேலே ஒரு விரல் வளர்வதற்குள் கீழே ஒரு சாண் வேர் விட்டிருக்கும். பையின் கீழ்ப்பாதியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பும்போது பையைத் தரையில் தட்டித் தட்டி, காற்றிடம் இல்லாமல் நிரப்ப வேண்டும். மேலே அரை அங்குலம் காலியாக இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். விதைக்குப் பத்து நாள் முன்பே நிரப்பித் தண்ணீர் விட்டுவந்தால் மண் அமரும், களையும் முளைத்துவிடும், பிடுங்கிவிடலாம். எங்கள் பண்ணையில் தாய்ப்பாத்தி வேலைக்குக் கொஞ்சம் ஓலைக் கொட்டானும் முடைந்து பார்த்தோம். நாலு மாதக் கன்றுகளுக்கு அது நன்றாகவே தாங்கியது. கொட்டானோடு குழியில் வைத்துவிடலாம். பனையோலை முடையத் தெரிந்த பெண்கள் உங்கள் குழுவில் இருந்தால் முயன்று பாருங்கள்.

தாய்ப்பாத்தியிலிருந்து பைக்கு மாற்றும் வேலையைச் சாயங்காலத்தில் வையுங்கள். நாற்றைத் தண்டில் பிடிக்கக் கூடாது, இலையில் பிடிக்க வேண்டும். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் கன்று போயிற்று. பையின் நடுவில் குச்சியால் வேரின் நீளத்துக்குக் குழி போட்டு, வேரை நேராகத் தொங்கவிட்டு மண்ணை அணையுங்கள். அவசரத்தில் வேரை மடக்கித் திணித்தால் என்ன ஆகும் என்று ஒரு மரம் எனக்குக் காட்டியது. நான் வளர்த்துக் கொடுத்த புங்குதான். நாலு ஆண்டு தளதளவென்று நின்றுவிட்டு ஓர் ஆடிக்காற்றில் வேரோடு சாய்ந்தது. தோண்டிப் பார்த்தேன். ஆணிவேர் கீழே இறங்கவே இல்லை. தண்ணீர்க்குடத்துக்குத் தலையில் வைக்கும் சும்மாடு போலச் சுருண்டு, பை இருந்த அளவிலேயே, ஒரு வட்டமாகக் கெட்டிப்பட்டிருந்தது. மேலே பன்னிரண்டு அடி மரம், கீழே ஒரு சும்மாடு. அன்றிலிருந்து பைக்கு மாற்றும் வேலையை நான் யாரிடமும் அவசரமாகக் கொடுப்பதில்லை.

அதே காரணத்துக்காக மாதத்துக்கு ஒரு முறை, தள்ளிப்போனால் ஒன்றரை மாதத்துக்குள், பைகளை எடுத்து இடம் மாற்றி வையுங்கள். துளை வழியாகத் தரைக்குள் இறங்கிய வேர் அறுபடும். அறுபட்டால் பக்கவேர் பையின் மண்ணுக்குள் கொத்தாக வரும். மாற்றாமல் விட்டால் கன்று தரையிலேயே வேரூன்றிவிடும், நடும் நாளில் பிடுங்கினால் பாதி வேர் பண்ணையிலேயே தங்கிவிடும். இடம் மாற்றிய இரண்டு நாள் வாடித்தான் நிற்கும். நிழலும் தண்ணீரும் கொடுத்தால் தெளியும். அப்போதே உயரமானதை ஒரு பக்கமும் குட்டையை ஒரு பக்கமும் பிரித்து அடுக்கினால் குட்டைக்கும் வெயில் கிடைக்கும்.

இலை நுனி கருகுவது தண்ணீரால் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், படிந்திருந்தால் அதுதான். குளத்திலோ கிணற்றிலோ நல்ல தண்ணீர் இருக்கும் வரை அதையே ஊற்றுங்கள். வேறு வழி இல்லாத மாதங்களில் வேம்பு, புங்கு, புன்னை, பூவரசு தாங்கும். நாவல் வளர்ப்பை நல்ல தண்ணீர் உள்ள பக்கத்து ஊருக்கு விட்டுவிட்டுக் கன்றை மாற்றிக்கொள்ளலாம். கோடையில் ஆயிரம் பைக்கு நாளுக்கு 200 லிட்டராவது வேண்டும். பூவாளியால் காலையில், முடிந்தால் சாயங்காலமும். முளை வந்த புதிதில் அளவுக்கு மீறி ஊற்றினால் தண்டு மண்மட்டத்தில் அழுகி நாற்று சாயும். ஒரு பாத்தியில் நாலு நாற்று அப்படிச் சாய்ந்தால் அன்றே தண்ணீரைக் குறைத்து, மூடாக்கை எடுத்து, காற்றோட்டம் விடுங்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பேச்சு உங்கள் பக்கத்தைப் பார்த்துச் சொன்னதாகவே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத்தான் அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்கின்றன. ஆனி, ஆடியில் அது கன்றின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். பண்ணைக்கு மேற்கே ஆளுயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டுங்கள். சித்திரையிலேயே அகத்தி விதைத்துவிட்டால் அதுவும் வரிசையாக நின்று மறைக்கும். பச்சை நிழல்வலையை முளைக்கும் காலத்துக்கும் பைக்கு மாற்றிய முதல் இரண்டு வாரத்துக்கும் மட்டும் போடுங்கள். ஆவணிக்குப் பிறகு வலையை விலக்கி, தண்ணீரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைத்து, கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். நிழலில் கொழுகொழுவென்று வளர்ந்த கன்று கரைக்குப் போன மறு வாரமே துவண்டுவிடும்.

எத்தனையோ ஊர்ப் பண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன். விதைக்கிற நாளில் ஐம்பது பேர், படம் எடுக்கிற நாளில் நூறு பேர், வைகாசியில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. மகளிர் குழுவில் இரண்டு பேருக்குக் கூலி பேசிப் பண்ணையை ஒப்படையுங்கள். 2,000 பைக்கு அவர்கள் காலையில் இரண்டு மணி நேரம் செலவிட்டால் போதும். மற்றவர்கள் மாதம் ஒரு நாள் பை நகர்த்தவும் களை எடுக்கவும் வரட்டும். நூறு நாள் வேலையில் ஊராட்சிகள் நாற்றுப்பண்ணை நடத்தியிருக்கின்றன, ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டும் போடுங்கள்: எந்த மரத்தில், எந்தத் தேதியில் எடுத்த விதை, எத்தனை போட்டது, எத்தனை முளைத்தது. இரண்டு ஆண்டு எழுதினால் உங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய கையேடு வேண்டாம்.

நடும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மருதுக்குக் காலடியில் ஈரம் வேண்டும். வாய்க்கால் ஓரம், மடைக்குக் கீழ்ப்பக்கம் சரி, சுடுகாட்டுப் பாதைக்கு வேண்டாம். பாதைக்கு வேம்பு, புங்கு, புளி. குளத்துக்குள்ளே கருவேலம். கரையின் மேல் நடுவதற்கு முன், குளம் ஊராட்சியுடையதா நீர்வளத் துறையுடையதா என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு முள் கட்டாமல் ஒரு கன்றையும் நடாதீர்கள்.

கரைக்குப் பனை இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், ஆனால் பனையைப் பண்ணைக்குள் கொண்டுவராதீர்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் கீழே இறங்கும். நாம் அவித்துத் தின்னும் கிழங்கு மண்ணுக்குள் எத்தனை ஆழத்தில் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பையும் அதற்கு ஆழம் பற்றாது. ஆவணி, புரட்டாசியில் கொட்டையைச் சேர்த்து, கரையோரத்தில் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்தில் நேரே புதைத்துவிடுங்கள். முதல் ஓலை தலைகாட்டப் பல மாதம் ஆகும். அதுவரை முளைக்கவில்லை என்று யாரும் தோண்டிப் பார்க்காமல் இருக்க இடத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள்.

இன்று மாசி பாதி. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியது செம்மண் ஒரு டிராக்டர், தொழுவுரம் அரை டிராக்டர், 1,200 பை, பத்தடிக்கு மூன்றடியில் ஒரு தாய்ப்பாத்தி. இந்த ஐப்பசிக்குப் புங்கு 500, புளி 200, மருது 300, வாகையும் கருவேலமுமாக 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 800 பையை ஆனிக்கு ஒதுக்கிவிட்டு, கோவில் வேம்பு பழுக்கும் அன்று பிளேடோடு மரத்தடிக்குப் போங்கள்.